இருட்டறைப் படமா, இங்க்ஜெட் படமா: எது நெடுநாள் நிலைக்கும்?

கலர் லேபில் கொடுத்து வாங்கும் படத்தை எல்லோரும் டிஜிட்டல் பிரிண்ட் என்கிறோம். கேமரா டிஜிட்டல், கோப்பு டிஜிட்டல். ஆனால் கைக்கு வரும் தாள் பல நேரம் பழைய வேதியியல் தாள்தான். 1990களின் பிற்பகுதியிலிருந்து ஊருக்கு ஊர் வந்த டிஜிட்டல் மினிலேப் இயந்திரங்களில், வெள்ளி உப்பு பூசிய வண்ணத் தாளின் மீது லேசர் ஒளி படத்தை எழுதுகிறது. பிறகு அந்தத் தாள் டெவலப்பர், பிளீச்-ஃபிக்ஸ் என்ற வேதிக் கரைசல்களில் முங்கி, கழுவப்பட்டு, உலர்ந்து வெளியே வருகிறது. அதே கடையில் பக்கத்து மேசையில் இருக்கும் இங்க்ஜெட் இயந்திரம் தாளின் மேல் மையைத் தெளிக்கிறது. பாஸ்போர்ட் படத்துக்கு வைத்திருக்கும் சின்னப் பெட்டி, சாயத்தைச் சூட்டால் தாளில் ஏற்றுகிறது. கடைக்காரர் மூன்றுக்கும் ஒரே பெயர்தான் சொல்வார். ஆகவே டிஜிட்டல் நிலைக்குமா, இருட்டறை நிலைக்குமா என்று பொதுவாகக் கேட்டால் உருப்படியான பதில் கிடைக்காது. தாளின் மேல் இருப்பது வெள்ளியா, சாயமா, நிறமியா என்று கேட்க வேண்டும். ஆயுள் அங்கேதான் முடிவாகிறது.

அறுபதாம் கல்யாணப் படத்தையோ, தாத்தாவின் ஒரே படத்தையோ புதிதாக அச்சிட்டு மாட்ட நினைக்கும் குடும்பங்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். பேரப்பிள்ளைகள் காலத்திலும் அந்த முகம் முகமாகத் தெரிய வேண்டும். அதுவும் நம் ஊர்ச் சூட்டிலும் ஈரத்திலும்.

முதலில் கறுப்பு வெள்ளை இருட்டறைப் படம், அதாவது நெகட்டிவிலிருந்து தாளில் ஒளி பாய்ச்சி, இருட்டறையில் வேதிக் கரைசல்களில் உருவாக்குவது. அதில் கறுப்பாகத் தெரிவது அசல் உலோக வெள்ளி. ஜெலட்டின் படலத்துக்குள் நுண்துகள்களாகப் பதிந்து கிடக்கிறது. வெயில் பட்டு வெளுத்துப்போகும் சாயம் எதுவும் அதில் கிடையாது. இந்த முறைக்கு இருக்கும் மிகப் பெரிய பலம், அது ஏற்கெனவே தேர்வெழுதிவிட்டது என்பது. எண்பது, தொண்ணூறு வருடங்களுக்கு முன் எடுத்த ஸ்டூடியோ படங்கள் இன்றும் நம் வீட்டுக் கூடங்களில் தொங்குகின்றன. கண் இமை தெரிகிறது, புடவைக் கரை தெரிகிறது. 1880களிலிருந்து நூறாண்டுக் காலத் தமிழ்நாட்டு ஸ்டூடியோ படங்களைத் தேடித் தொகுக்கும் பணியில் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் இறங்கியது. தேடிப் போனால் கிடைக்கும் அளவுக்கு அவை தப்பிப் பிழைத்திருந்தன. எந்த ஆய்வகமும் கணித்துச் சொல்லாமல், நம் பருவநிலையே தந்த சான்று இது.

ஆனால் பக்கத்துப் பக்கத்தில் மாட்டிய இரண்டு பழைய படங்களைப் பார்த்தால், ஒன்று கருகருவென்று இருக்கும். மற்றது பழுப்பேறி, நெற்றியும் கன்னமும் கரைந்து கிடக்கும். இரண்டும் வெள்ளிதான். வித்தியாசம் கழுவியதில் இருக்கிறது. ஒளி படாத வெள்ளி உப்பைத் தாளிலிருந்து கரைத்து எடுப்பது ஹைப்போ. அது வெள்ளி உப்புகளைக் கரைக்கும் என்று ஜான் ஹெர்ஷல் 1819இலேயே கண்டறிந்திருந்தார். 1839இல் ஒளிப்படக் கலைக்கு அது கைகொடுத்தது. வேலை முடிந்ததும் ஹைப்போ தாளை விட்டு முழுதாக வெளியேற வேண்டும். கொஞ்சம் தங்கினாலும் அதிலுள்ள கந்தகம் வருடக்கணக்கில் வெள்ளியைத் தின்று, மஞ்சள் பழுப்பு வெள்ளி சல்ஃபைடாக மாற்றிவிடும். படங்கள் வெளுக்கின்றனவே என்று லண்டன் ஒளிப்படச் சங்கம் 1855இல் ஒரு குழு அமைத்தது. போதாத கழுவல், காற்றிலுள்ள கந்தகம், ஈரம் ஆகியவற்றையே அக்குழு காரணமாகக் காட்டியது. இன்றைக்கும் அந்தப் பட்டியலில் பெரிய மாற்றம் இல்லை.

நம் ஊரில் இந்தக் கழுவல் கூடுதல் சிரமம். கோடையில் மேல்நிலைத் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டிவிடும். அந்தச் சூட்டில் ஜெலட்டின் வீங்கி இளகும், ஓரம் உரியத் தொடங்கும். அதற்குப் பயந்து கழுவும் நேரத்தைக் குறைத்தால் ஹைப்போ தங்கும். ஜெலட்டினை இறுக்க, ஃபிக்ஸர் எனப்படும் ஹைப்போ கரைசலில் படிகாரம் சேர்த்தால், அந்த இறுகிய படலத்திலிருந்து ஹைப்போ வெளியேறவும் அதிக நேரம் பிடிக்கும். முகூர்த்த மாதத்தில் ஆர்டர் குவிந்து கிடக்கும் ஸ்டூடியோவில் ஒரு படம் எவ்வளவு நேரம் தண்ணீரில் கிடந்திருக்கும் என்று ஊகிக்கலாம். பழுப்பேறிய அந்தப் படங்களைக் கழுவியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தண்ணீருக்கே தவம் கிடந்த ஊர்களில் அவர்கள் வேலை செய்தார்கள்.

இன்று ஒருவரிடம் இருட்டறைப் படம் போடச் சொன்னால் தாள் எது என்று கேளுங்கள். நார்த்தாள் என்றால் வெறும் காகிதம், அதன்மேல் பேரியம் சல்ஃபேட் பூச்சு, அதன்மேல் ஜெலட்டின். ஆர்.சி. தாள் என்றால் காகிதத்தின் இருபுறமும் பாலிஎத்திலீன் பூச்சு. ஆர்.சி. தாள் ஹைப்போவை உறிஞ்சாது, இரண்டு நிமிடத்தில் கழுவிவிடலாம். நார்த்தாள் பஞ்சைப் போல உறிஞ்சும். அதைக் கழுவத்தான் பொறுமை வேண்டும். இல்ஃபோர்டு நிறுவனம் தன் நார்த்தாளுக்குச் சொல்லும் வரிசை இது: வீரியமான ஃபிக்ஸரில் 1 நிமிடம், ஓடும் நீரில் 5 நிமிடம், கழுவலுக்கு உதவும் கரைசலில் 10 நிமிடம், மறுபடி ஓடும் நீரில் 5 நிமிடம். ஃபிக்ஸரில் அதிக நேரம் போட்டால் நல்லது என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மை நேர்மாறானது, நேரம் கூடக்கூட ஹைப்போ நாருக்குள் ஆழமாக இறங்கும்.

கழுவியது போதுமா என்பதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது. சில்வர் நைட்ரேட்டும் அசெட்டிக் அமிலமும் கலந்த கரைசலில் ஒரு சொட்டு எடுத்து, ஈரப் படத்தின் வெள்ளை ஓரத்தில் வைத்து இரண்டு நிமிடம் காத்திருக்க வேண்டும். கறை ஏறக்குறைய தெரியாமல், மிக மெல்லிய தந்த நிறத்தில் நின்றால் நன்றாகக் கழுவப்பட்டிருக்கிறது. தேநீர் நிறத்துக்குப் போனால் படம் மறுபடி தொட்டிக்குத் திரும்ப வேண்டும். இந்தச் சோதனையைச் செய்து பார்த்தீர்களா என்று இருட்டறைக்காரரிடம் கேட்பதில் தவறில்லை. தொழிலை நேசிப்பவர் அந்தக் கேள்வியால் மகிழ்ச்சிதான் அடைவார்.

அடுத்தது டோனிங், அதாவது கழுவிய படத்தை இன்னொரு வேதிக் கரைசலில் முக்கி வெள்ளியை உறுதிப்படுத்துவது. செலினியம், தங்கம், கந்தகம் மூன்றும் வெள்ளித் துகளைக் காற்றிலுள்ள மாசிலிருந்து காக்கும். கந்தகம் தரும் செப்பியா என்ற பழுப்பு நிறம் அழகுக்காக மட்டும் போடப்பட்டதில்லை. வெள்ளியை முன்கூட்டியே நிலையான சல்ஃபைடாக மாற்றிவிட்டால், பிற்பாடு அதைத் தாக்க எதுவும் மிஞ்சுவதில்லை. டோனிங் செய்யாத படத்தில் ஈரமும் மாசும் சேர்ந்து வெள்ளியைக் கரைத்து மேற்பரப்புக்கு இழுத்துவரும். பழைய படங்களைச் சாய்த்துப் பிடித்தால் கரிய பகுதிகளில் நீலம் கலந்த கண்ணாடி மினுக்கம் தெரிகிறதே, அது இதுதான். ஆர்.சி. தாளில் இந்தத் தொல்லை இன்னும் விரைவில் வரலாம். அதன் வெண்மைக்குச் சேர்க்கும் டைட்டானியம் டைஆக்சைடு ஒளி பட்டு வினைபுரியும். சட்டத்துக்குள் காற்றோட்டமில்லாமல் அடைபட்ட ஆர்.சி. படங்கள் செம்புள்ளியும் மினுக்கமும் கண்ட வரலாறு இருக்கிறது. புதிய தாள்கள் தேறியிருக்கின்றன. ஆனாலும் நெடுங்காலத்துக்கு என்றால் என் கை நார்த்தாள் பக்கமே போகும்.

வண்ணத்துக்கு வந்தால் கதை தலைகீழாகிறது. வண்ண இருட்டறைப் படத்தில் வெள்ளி மிஞ்சுவதில்லை. பிளீச்சில் அத்தனையும் போய்விடும். தங்குவது நீலப்பச்சை, மெஜந்தா, மஞ்சள் என மூன்று சாயங்கள். 1942இல் கோடாக் கொண்டுவந்த கோடாகலர் என்ற வண்ணப் படச்சுருளின் காலத்துப் படங்கள் மஞ்சளேறி நிற்பதற்கும், நம் வீடுகளில் 1970, 80களின் கல்யாண ஆல்பங்கள் செக்கச்சிவந்து கிடப்பதற்கும் காரணம் இந்தச் சாயங்கள். ஆல்பத்தை மூடி பீரோவுக்குள் வைத்திருந்தோமே, எப்படிச் சிவந்தது என்று பலர் கேட்பார்கள். அக்காலத் தாள்களில் நீலப்பச்சைச் சாயம் இருட்டிலேயே, வெறும் சூட்டாலேயே சிதைந்துவிடும். சுவரில் வெளிச்சத்தில் மாட்டினால் மெஜந்தா முதலில் போகும். உள்ளே வைத்தால் ஒரு விதம், வெளியே வைத்தால் இன்னொரு விதம். சிபாக்ரோம் என்ற முறை மட்டும் தாளிலேயே உறுதியான சாயத்தை வைத்து வேண்டாததை வெளுத்தது. இருட்டில் அபாரமாக நின்றது. அதன் உற்பத்தியும் நின்றுவிட்டது. இன்றைய மினிலேப் தாள்கள் அந்தப் பழைய தாள்களைவிட எவ்வளவோ மேல். இருந்தாலும் சாயம் சாயம்தான். வண்ணப் படத்தில் இருட்டறைக்கு ஆயுள் மேன்மை எதுவும் இல்லை என்று தயங்காமல் சொல்வேன்.

இங்க்ஜெட்டுக்குள்ளும் இதே பிளவு உண்டு. 1991இல் அமெரிக்காவில் இசைக்கலைஞர் கிரஹாம் நாஷ் தொடங்கிய அச்சகம், ஐரிஸ் என்ற இங்க்ஜெட் இயந்திரத்தில் கலைப்படங்களை அச்சிட்டது. படங்கள் அழகாக இருந்தன. தொடக்ககால மைகள் சில வருடங்களிலேயே வெளுத்தன. 2000இல் எப்சன் நிறுவனத்தின் சாய மை பிரிண்டர் ஒன்று பத்து வருட ஆயுள் கொண்டது என்ற மதிப்பீட்டோடு வந்தது. வாங்கியவர்களில் பலர் சில வாரங்களுக்குள், சிலர் சில நாட்களுக்குள், படம் ஆரஞ்சு நிறமாவதைக் கண்டார்கள். வெளிச்சத்தை வைத்துச் சோதித்திருந்தார்கள். காற்றில் கலந்திருக்கும் ஓசோனைக் கணக்கில் எடுக்கவில்லை. உடனே உலரும் நுண்துளைத் தாளில் சாயம் மேலாகவே தங்க, ஓசோன் நேராகத் தாக்கி நீலப்பச்சையைத் தின்றுவிட்டது. ஆய்வகக் கணிப்பு எதைக் கேட்டதோ அதற்கு மட்டுமே பதில் சொல்லும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

நிறமி மை வேறு சாதி. சாயம் மூலக்கூறு மூலக்கூறாகக் கரைந்திருக்கும். நிறமி திடத் துகள். ஒளியும் வாயுவும் துகளின் மேற்புறத்தைச் சுரண்டினாலும் உள்ளே நிறம் மிச்சமிருக்கும். கறுப்புக்குப் பயன்படும் கார்பனுக்கு நிகரே இல்லை. ஜோசப் ஸ்வான் 1864இல் செம்மைப்படுத்திய கார்பன் அச்சு முறையில் எடுத்த படங்கள் இன்றும் கறுப்பாகவே இருக்கின்றன. கறுப்பு வெள்ளையைப் பெரும்பாலும் கார்பன் மையாலேயே அச்சிட்டால் அந்த உறுதியில் பங்கு கிடைக்கும். எப்சன் தன் புதிய தலைமுறை நிறமி மைகளுக்கு வண்ணத்தில் 200 வருடம் வரை, கறுப்பு வெள்ளையில் 400 வருடம் வரை என்று விளம்பரம் செய்கிறது.

இந்த எண்களை எப்படி வாசிப்பது என்று தெரிந்துகொள்வது நல்லது. அமெரிக்காவில் ஹென்றி வில்ஹெல்ம் நடத்தும் ஆய்வகம், வீட்டுச் சுவருக்கு 450 லக்ஸ் ஒளி (லக்ஸ் என்பது ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தின் அளவு), நாளுக்கு 12 மணி நேரம் என்று வைத்துக்கொண்டு கணக்கிடுகிறது. கோடாக் ஒரு காலத்தில் தன் தாள்களுக்கு 120 லக்ஸை அளவாக எடுத்தது. தாளும் சோதனையும் ஒன்றாகவே இருந்தாலும், இந்த ஒரு மாற்றத்தால் மட்டும் வருடக் கணக்கு ஏறக்குறைய நான்கு மடங்காகிவிடும். நம் வீட்டு ஜன்னலோரம் பகலில் சில ஆயிரம் லக்ஸைத் தொடும். நேர்வெயில் ஒரு லட்சம். எனவே இரண்டு மைகளில் எது மேல் என்று ஒப்பிட இந்த எண்கள் உதவும். உங்கள் சுவரில் எத்தனை வருடம் என்பதற்கு உதவாது. நிறமி மைகள் பரவலாகிச் சுமார் இருபத்தைந்து வருடம்தான் ஆகிறது. நூறு வருடம் நின்ற நிறமி இங்க்ஜெட் படம் ஒன்றுகூட உலகில் இல்லை. நிறமியை நம்புகிறவன்தான் நான். ஆனால் அந்த நம்பிக்கை கணிப்பின் மேல் நிற்கிறது, வெள்ளியின் மேலுள்ள நம்பிக்கை கண்ணால் கண்டதன் மேல் நிற்கிறது. இரண்டும் ஒரே எடை இல்லை.

மை நன்றாக இருந்தும் தாள் காலை வாரலாம். பளீர் வெள்ளைக்காகப் பல தாள்களில் ஒளிர்பொருள் கலக்கிறார்கள். சில வருடங்களில் அது செயலிழக்கும்போது தாள் மங்கி மஞ்சளாகும். முகத்தில் வெளிச்சம் பட்ட இடமெல்லாம் மஞ்சள். கண்டுபிடிப்பது சுலபம். கள்ள நோட்டைப் பார்க்கக் கடைகளில் வைத்திருக்கும் புற ஊதா விளக்கின் கீழ் தாளைக் காட்டுங்கள். நீலமாகப் பளிச்சென்று ஒளிர்ந்தால் ஒளிர்பொருள் இருக்கிறது. மங்கலாக, மோர் நிறத்தில் கிடந்தால் இல்லை. அமிலமற்ற பருத்தித் தாளில், ஒளிர்பொருள் இல்லாத வகையைக் கேட்டு வாங்குங்கள்.

கடையில் மை எது என்பதையும் சோதித்துவிடலாம். வீணான பிரிண்ட் ஒன்றைக் கேட்டு வாங்கி ஈர விரலால் தேயுங்கள். சாயம் என்றால் பெரும்பாலும் கலைந்து விரலில் ஒட்டும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் இங்க்ஜெட்டில் நுண்புள்ளிகள் தெரியும், மினிலேப் படத்தில் தெரியாது. மினிலேப் தாளின் பின்புறத்தில் பெரும்பாலும் தயாரிப்பாளர் பெயரும் மங்கலாக அச்சாகியிருக்கும். பில்லில் நிறமி மை என்று எழுதித் தரத் தயங்கும் கடையில் பெரிய படம் போட வேண்டாம்.

தண்ணீரையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனையோ வீடுகளின் ஆல்பங்கள் மூழ்கின. இருட்டறைப் படம் தண்ணீரில் பிறந்தது. ஒன்றோடொன்று ஒட்டி உலர்வதற்குள் எடுத்து, சுத்தமான குளிர்ந்த நீரில் பிரித்து, முகம் மேலாகப் பரப்பிக் காயவைத்தால் பல படங்கள் பிழைக்கும். ஒட்டிக் காய்ந்துவிட்டால் பிரிக்கும்போது ஜெலட்டினே கிழியும். சாய மைப் படம் நனைந்தால் பெரும்பாலும் அப்போதே போயிற்று. நிறமிப் படம் நீரைத் தாங்கும். ஆனால் அதன் மேற்பரப்பு நோஞ்சான், நகம் பட்டாலே கோடு விழும். பூஞ்சைக்கும் இராமபாணப் பூச்சிக்கும் ஜெலட்டின் நல்ல தீனி. அந்த ஒரு விஷயத்தில் பருத்தித் தாள் நிறமிப் படம் கொஞ்சம் பாதுகாப்பானது.

லேமினேஷன் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. படத்தை மரத்தூள் பலகையில் ஒட்டி மேலே பிளாஸ்டிக் படலம் போர்த்தும் பழக்கம் நம்மிடம் ஊறிப்போனது. படலம் ஓசோனையும் தூசியையும் தடுக்கும், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பலகையும் பசையும் அமில ஆவி விடும், ஈரத்தில் பலகை உப்பும், பிறகு படத்தைப் பிரித்தெடுக்கவே முடியாது. வீட்டில் இருக்கும் ஒரே அசல் படத்தை லேமினேஷனுக்குக் கொடுக்க வேண்டாம் என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன். கண்ணாடிச் சட்டம் போடுங்கள். படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே அமிலமற்ற அட்டை ஓரம் இருக்கட்டும். இல்லாவிட்டால் மழைக்காலத்தில் ஜெலட்டின் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். பூஜை அறையில் விளக்குச் சூட்டுக்கும் கற்பூரப் புகைக்கும் நேர்மேலே மாட்ட வேண்டாம். சந்தனமும் குங்குமமும் கண்ணாடியின் மேல் மட்டும் இருக்கட்டும். ஈரம் வழிந்து சட்டத்துக்குள் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெளிச்சுவரைவிட உள்சுவர் நல்லது, மழைநீர் ஊறும் சுவர் கூடவே கூடாது.

இனி முடிவு. வண்ணப் படமா? யோசிக்க வேண்டாம்: பருத்தித் தாளில் நிறமி இங்க்ஜெட். கல்யாண ஆல்பம் போன்ற பெரிய தொகுப்புக்கு மினிலேப் படங்கள் போதும். அவற்றில் மிக வேண்டிய பத்துப் படங்களை மட்டும் நிறமியில் தனியாக எடுத்துவையுங்கள். சாய மைப் படம் விழா முடிந்ததும் கையில் கொடுத்தனுப்ப நல்லது. பாதுகாக்கும் படம் என்று அதை எண்ண வேண்டாம்.

கறுப்பு வெள்ளையில் முடிவு இருட்டறைக்காரரைப் பொறுத்தது. நெகட்டிவ் கையில் இருந்து, நார்த்தாளில் போட்டு, கழுவல் சோதனை செய்து, செலினியத்தில் டோன் செய்யும் ஒருவர் கிடைத்தால் இருட்டறைப் படமே என் தேர்வு. ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் இயங்கிய காலம் முடிந்துவிட்டது. இன்று தாள் இங்கிலாந்திலிருந்தும் செக் நாட்டிலிருந்தும் வர வேண்டியிருப்பதால் செலவு கூடுதல்தான். அப்படி ஒருவர் கிடைக்காவிட்டால் கார்பன் கறுப்பு மையில் அச்சிடுங்கள். அரைகுறையாகக் கழுவிய வெள்ளிப் படம், ஒழுங்காக அச்சிட்ட நிறமிப் படத்திடம் தோற்றுவிடும். எதைத் தேர்ந்தாலும் இரண்டு பிரதி போடுங்கள்: ஒன்று சுவருக்கு, மற்றது அமிலமற்ற உறையில் பீரோவுக்கு. சுவரில் இருப்பது நிறம் மாறுகிறதா என்பதை உள்ளே இருப்பதை எடுத்து அருகில் வைத்தால்தான் கண்டுபிடிக்க முடியும். கண் மெல்ல மெல்லப் பழகிவிடுவதால் தனியாகப் பார்த்தால் தெரியாது.

பீரோவுக்குப் போகும் பிரதியின் பின்புற ஓரத்தில், மென்மையான பென்சிலால், படத்தில் இருப்பவர்களின் பெயரும், எடுத்த வருடமும், அச்சிட்ட வருடமும், மையும் தாளும் என்னவென்றும் எழுதிவையுங்கள். பால்பாயிண்ட் பேனா தாளில் பள்ளம் விழுத்தும், மையும் முன்பக்கம் ஊறலாம். ஸ்கேன் செய்தாகிவிட்டது என்று பழைய அசலைத் தூக்கி எறிய வேண்டாம். கோப்பு தொலைந்தால் மறுபடி ஸ்கேன் செய்ய அது ஒன்றுதான் இருக்கும்.